பிஞ்சுகள் ஏன் உதிர்கின்றன?



தை மாத இறுதியிலும் மாசியிலும் மாந்தோப்பு ஒன்றின் வழியே செல்பவர் எவரும் சற்று நின்று மேலே நோக்காமல் போவதில்லை. இலைகள் மறைந்துபோகுமாறு கிளைதோறும் பூங்கொத்துக்கள் நிறைந்திருக்கும். காற்றிலே மணம் கலந்து வரும். ஈக்களும் வண்டுகளும் இரைந்துகொண்டிருக்கும். தோப்புக்கு உரியவர் அக்காட்சியைக் கண்டு மனத்திற்குள்ளேயே கணக்கிடத் தொடங்கிவிடுவார். ஆனால் பங்குனி பிறந்ததும் அக்கணக்குப் பொய்க்கத் தொடங்கும். மிளகளவும் பட்டாணியளவுமான பிஞ்சுகள் மரத்தடியில் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். சித்திரையில் கோலிக்குண்டளவும் எலுமிச்சையளவும் வளர்ந்த காய்களும் விழும். ‘இத்தனை பூத்தும் இவ்வளவுதானா?’ என்று அவர் ஏங்குவார்.

இவ்வேக்கம் மாமரம் வைத்திருப்போர்க்கு மட்டும் உரியதன்று. தென்னையில் குரும்பை கொட்டுகிறது. எலுமிச்சையிலும் கொய்யாவிலும் பிஞ்சு உதிர்கிறது. கொல்லைப்புறத்துப் பூசணிக் கொடியில் கட்டைவிரலளவு பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. குளிர் நாடுகளில் ஆப்பிள் மரங்கள் ஜூன் மாதத்தையொட்டிப் பிஞ்சுகளைச் சொரிவதால், அங்குள்ளோர் அதற்கு ‘ஜூன் உதிர்வு’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். உலகெங்கும் கனிமரங்களில் காணப்படும் இப்பொது நிகழ்ச்சிக்குக் காரணம் யாது? அது மரத்தின் குறையா, மண்ணின் குறையா, மனிதனின் குறையா? இதனை ஒரு சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் இந்நிகழ்ச்சியை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்கு நம் மொழியே சான்று. இளங்காய் என்ற ஒரு சொல்லோடு அவர்கள் அமையவில்லை. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை. வாழையின் பிஞ்சு கச்சல். கெட்டுப்போன காய்களையும் அவர்கள் வகைப்படுத்தினர். வாடிச் சுருங்கிய காய் சூம்பல். சூட்டினால் காலத்திற்கு முன்னே பழுத்த பிஞ்சு வெம்பல். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களை அடுக்கிக் காட்டித் தமிழின் வளத்தை நிறுவியிருக்கிறார். கண்டதற்கெல்லாம் பெயரிட்ட அம்மக்கள் உழவை எத்துணை அறிந்தவர்கள்!

ஆனால், கண்டதைப் பெயரிடுவது வேறு. காரணம் காண்பது வேறு. காரணம் தெரியாத இடத்தில் மனித மனம் ஒரு குற்றவாளியைத் தேடும். கோட்டான் அமர்ந்ததால் காய் கெட்டது என்றனர். தேரை அமர்ந்ததால் தேங்காய் உள்ளீடற்றுப் போயிற்று என்றனர். பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அது அழுகிவிடும் என்று இன்றும் பாட்டிமார் குழந்தைகளை எச்சரிப்பதுண்டு. கண்ணேறு படாதிருக்கத் தோட்டத்தில் பொம்மை நிறுத்துவதும், கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையைக் கவிழ்த்து வைப்பதும் நாம் அறிந்தவையே. பாவம், கோட்டான் தோப்புக்கு வருவது எலியைத் தேடி! தேரை வருவது பூச்சியைத் தேடி. தோப்புக்கு நன்மை செய்ய வந்த இரண்டும் பழி சுமந்து நிற்கின்றன.

உண்மை என்ன? முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். பெரும்பாலான பிஞ்சுகள் தவறி விழுவதில்லை. மரமே அவற்றை விடுவிக்கின்றது.

விழுந்த பிஞ்சு ஒன்றைக் கையில் எடுத்து அதன் காம்பைப் பாருங்கள். காற்றினால் முறிந்த காம்பு பிசிறு பிசிறாக நார் தெரிய நிற்கும். தானே உதிர்ந்த பிஞ்சின் காம்போ, கத்தியால் நறுக்கி வைத்தாற்போல வழவழப்பாக இருக்கும். காம்பின் குறிப்பிட்ட ஓரிடத்தில் சிறிய உயிரணுக்கள் சில வரிசைகளாக அமைந்துள்ளன. அதனை உதிர்படலம் என்று கூறலாம். பிஞ்சு தோன்றும்பொழுதே, அது பிரியவேண்டிய இடமும் உடன் அமைந்துவிடுகின்றது. பிரியும் வேளை வந்ததும், அவ்வுயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசை போன்ற பொருளை நொதிகள் கரைத்துவிடுகின்றன. பிறகு பிஞ்சின் சிறு எடையே போதும். இலேசான காற்றிலும் அது கழன்று விழும். மரத்தின் பக்கத்தில் மீந்த தழும்பின்மேல் தக்கை போன்ற ஒரு காப்புப் படலம் மூடிவிடும். புண்வாய் அடைபடுவதால் நீரும் வீணாவதில்லை. நோய்க் கிருமியும் எளிதில் நுழைவதில்லை. மருத்துவர் ஒருவர் அறுவை செய்து தையலும் இட்டாற் போன்ற ஒழுங்கு இது!

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். மரத்திற்கு எந்தப் பிஞ்சை வைப்பது, எதனை விடுப்பது என்று யார் சொல்கிறார்கள்?

அதற்கு விடை விதையில் இருக்கிறது. பூசணிக் கொடியை எடுத்துக்கொள்வோம். அதில் ஆண்பூ தனியாகவும் பெண்பூ தனியாகவும் பூக்கும். பெண்பூவின் அடியில் சின்னஞ்சிறு பிஞ்சு பூக்கும்பொழுதே உருண்டு தோன்றும். ஆண்பூவின் மகரந்தம் வண்டின் காலிலும் உடலிலும் ஒட்டிப் பெண்பூவைச் சேர்ந்தால், உள்ளிருக்கும் சூல்கள் கருவுற்று விதைகளாகத் தொடங்கும், பிஞ்சும் பருக்கும். மகரந்தம் வந்து சேராவிடில் இரண்டு மூன்று நாட்களில் அது வெளிறி, மஞ்சளாகி, விழுந்துவிடும். குழந்தையின் சுட்டுவிரல் செய்த தீங்கு ஒன்றுமில்லை. வண்டு வராததுதான் காரணம். ஆண்பூ ஒன்றைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் காலை வேளையில் தடவிவிட்டுப் பாருங்கள். அதன்பின் அப்பிஞ்சை எத்தனை விரல்களால் சுட்டிக் காட்டினாலும் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

விதைக்கும் கனிக்கும் உள்ள இத்தொடர்பை நிட்ச் என்ற அறிஞர் 1950இல் அழகியதொரு சோதனையால் விளக்கினார். ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேற்புறத்தில் விதைபோல் ஒட்டியிருக்கும் சிறு மணிகளை நாம் கண்டிருக்கிறோம். இளம் பருவத்திலேயே அவற்றை ஊசிமுனையால் அகற்றிவிட்டார்; பழம் பருக்காமல் நின்றுவிட்டது. அம்மணிகளுக்குப் பதிலாக ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைத் தடவினார். பழம் மீண்டும் பருத்தது. ஆகவே, வளரும் விதை வாளா இருப்பதில்லை. அது ஆக்சினைச் சுரந்து, தன்னைச் சூழ்ந்த சதையை வளர்க்கின்றது. அது மட்டுமன்று, அந்த ஆக்சின் காம்பின் வழியே மரத்தை நோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறது. ‘நான் உயிரோடு இருக்கிறேன், என்னை விட்டுவிடாதே’ என்று விதை மரத்திற்கு இடைவிடாது விடுக்கும் செய்தி அது என்று சொன்னால் மிகையாகாது. அச்செய்தி வந்துகொண்டிருக்கும் வரையில் உதிர்படலம் அசையாது. செய்தி குறைந்தாலோ நின்றாலோ, படலம் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

அப்பொழுது அதற்குக் கட்டளை இடுவது மற்றொரு பொருள். அது எதிலீன் என்னும் வாயு. அதன் வரலாறும் சுவையானது. மின்விளக்கு பரவாத காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் வாயு விளக்குகள் எரிந்தன. மண்ணுக்கடியில் குழாய் கசிந்த இடங்களில், அருகே நின்ற மரங்கள் பருவமல்லாப் பருவத்தில் இலையுதிர்த்து நின்றன. காரணம் அறிந்தார் இலர். ருஷ்ய நாட்டில் நெல்யூபோவ் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர், தம் ஆய்வுக்கூடத்தில் முளைத்த பட்டாணிச் செடிகள் மட்டும் நிமிர்ந்து வளராமல் சாய்ந்து வளர்வதைக் கண்டார். வெளிக் காற்றில் வளர்ந்த செடிகளோ நேராக நின்றன. அறையில் கலந்திருந்த விளக்கு வாயுவை ஆராய்ந்து, அதிலுள்ள எதிலீனே காரணம் என்று 1901இல் வெளியிட்டார். பின்னர், பழுக்கும் ஆப்பிள் தானே எதிலீனை வெளியிடுகிறது என்பதை 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் நிலைநாட்டினார். தெருவிளக்கில் கண்ட வாயு, கனியின் உள்ளும் இருந்தது! நம் நாட்டில் வாழைத்தாரைக் குழியிலோ அறையிலோ அடுக்கி, புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தவர்கள் இப்பெயரை அறியார். ஆயினும் புகையில் அடங்கியிருந்த இவ்வாயுவையே அவர்கள் பயன்படுத்தி வந்தனர்.

இவ்வாயு காயைப் பழுக்கவும் வைக்கும். காம்பை விடுவிக்கவும் செய்யும். ஆக்சின் மிகுந்திருக்கும்பொழுது உதிர்படலம் எதிலீனின் கட்டளைக்குச் செவி சாய்ப்பதில்லை. ஆக்சின் குறைந்ததும் செவி சாய்த்துவிடுகிறது. வறட்சி, கடும் வெப்பம், பூச்சி துளைத்த புண் ஆகியவற்றால் நலிந்த பிஞ்சில் எதிலீன் மிகுதியாகச் சுரக்கும். அதனால் அது முதிராமலே நிறம் மாறும், பின்னர் விழும். அதுதான் வெம்பல். ‘பிஞ்சிலே பழுத்தது’ என்று நாம் பேச்சு வழக்கில் கூறுவதும் இதனையே. வெம்பிய கனியில் நிறம் இருக்கும், சுவை இராது. தோல் பழுத்திருக்கும், விதை முதிர்ந்திராது. அது விரைந்து பழுத்தது திறமையால் அன்று, நலிவினால்.

அறிவியலில் பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் ஆவதுண்டு. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அடிகாட் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும், பருத்தியின் இளங்காய்கள் உதிர்வதை ஆராய்ந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். உதிர்வுக்கு அதுவே காரணம் எனக் கருதியதால், பிற்காலத்தில் உதிர்வைக் குறிக்கும் சொல்லடியாக அதற்கு அப்சிசிக் அமிலம் என்ற பெயர் வழங்கலாயிற்று. மேலும் ஆராய்ந்தபொழுது, விதைகளை உறங்க வைப்பதும், வறட்சியில் இலைத்துளைகளை மூடுவதுமே அதன் தலையாய பணிகள் என்றும், உதிர்வில் முதன்மையானது எதிலீனே என்றும் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மாணவர்கள் பாடநூலில் அப்பெயரைக் காணும்பொழுது இதனை நினைவிற் கொள்க.

ஆக்சினும் உதிர்படலமும் பொருதும் இக்காட்சியை நீங்களே காணலாம். கற்பூரவல்லியின் இனத்தைச் சேர்ந்த, பல நிற இலைகளையுடைய கோலியஸ் செடி பல வீடுகளில் தொட்டியில் இருக்கும். அதன் ஓர் இலையில் பரப்பை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட்டுவையுங்கள். எதிரே உள்ள இலையைத் தொடவேண்டா. சில நாட்களில் இலையற்ற காம்பு தானே கழன்று விழும். எதிரே முழு இலையோடு நிற்கும் காம்பு விழாது. இலைப்பரப்பிலிருந்து வந்த ஆக்சின் நின்றுபோனதே காரணம். இலைக்கு உள்ள இவ்விதி கனிக்கும் பொருந்தும்.

இனி, மரத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். மாவின் ஒரு பூங்கொத்தில் வகைக்கேற்ப ஆயிரம் முதல் ஆறாயிரம் வரை பூக்கள் இருக்கும். அவற்றுள் ஒரு பகுதி ஆண்பூக்கள். அவை காய்ப்பதற்கே உரியவை அல்ல. எஞ்சிய இருபாற் பூக்களிலும், முதிர்ந்த கனியாவது ஆயிரத்துக்கு ஒன்றுகூட இராது. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளி வளாகத்து மாமரத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு பத்துக் கொத்துக்களில் வண்ண நூல் கட்டி, வாரந்தோறும் எண்ணச் செய்தேன். பள்ளி ஆண்டு முடியும்பொழுது சில கொத்துக்கள் வெறுங்காம்பாகவும், மற்றவை ஒன்றும் இரண்டுமாகக் காய் தாங்கியும் நின்றன. அப்பொழுது ஒரு மாணவன், “ஐயா, மரம் முதலிலேயே குறைவாகப் பூத்திருக்கலாமே! எதற்கு இந்த வீண் செலவு?” என்று கேட்டான். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், ‘நல்ல விடையைவிட நல்ல வினாவே வகுப்பின் பயன்’ என்று எங்களுக்குக் கற்பித்திருந்தனர். அன்று நான் அதன் உண்மையைக் கண்டேன்.

அவ்வினாவுக்கு விடை இதுதான். மரம் நடமாட இயலாதது. அதன் மகரந்தத்தைச் சுமப்பவை ஈக்களும் வண்டுகளும். மழை பெய்தால் அவை வாரா. பனி மூடினால் வாரா. எந்தப் பூவுக்கு மகரந்தம் கிட்டும் என்று மரம் முன்கூட்டி அறியாது. ஆகவே மிகுதியாகப் பூக்கின்றது. பூவை ஆக்குவதற்குச் செலவு சிறிது. கனியை ஆக்குவதற்கோ செலவு பெரிது. கனியின் இனிப்பு முழுவதும் இலைகள் சூரிய ஒளியில் ஆக்கித் தரும் சர்க்கரையிலிருந்து வருவது. ஆப்பிள் பழம் ஒன்று நன்றாகப் பருக்க ஏறத்தாழ 30 முதல் 40 இலைகளின் உழைப்பு வேண்டும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். பிடித்த பிஞ்சுகள் அனைத்தையும் மரம் வைத்துக்கொண்டால், அத்தனைக்கும் உணவளிக்கும் இலைகள் அதனிடம் இல்லை. கிளைகள் ஒடியும், காய்கள் சிறுக்கும், சேமித்த உணவு அற்று, அடுத்த ஆண்டு பூக்கவும் இயலாமற்போகும். மாமரங்களில் பல, ஓராண்டு மிகுதியாகக் காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நன்கு விதை பிடித்த பிஞ்சுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவிக்கின்றது. இது வீண் செலவன்று, சிக்கனமே.

மாவின் உதிர்வை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம். முதலாவது, குண்டூசித் தலையளவில் உதிர்வது. பெரும்பாலும் கருவுறாமையால் நிகழ்வது. இரண்டாவது, பிஞ்சு பிடித்தபின் உணவுக்கும் நீருக்கும் ஏற்படும் போட்டியால் நிகழ்வது. மூன்றாவது, காய் ஓரளவு பருத்தபின் கோடையில் நிகழ்வது. முதல் இரண்டில் பெரும்பகுதி மரத்தின் கணக்கு. மூன்றாவதில் மரத்திற்கு இலாபம் ஒன்றுமில்லை. அதுவரை ஊட்டி வளர்த்த காயை அது இழக்கின்றது. இங்கேதான் நம் பொறுப்புத் தொடங்குகின்றது.

உழவர் செய்யும் தவறுகளுள் முதலாவது நீர்ப்பாய்ச்சலைப் பற்றியது. பூக்குமுன் மாவுக்கு நீரை மிகுத்தால் பூவுக்குப் பதில் தளிர் விடும். ஆனால் பிஞ்சு பட்டாணியளவானபின் மண்ணைக் காயவிடலாகாது. நண்பகல் வெயிலில் இலைகளுக்கு நீர் போதாவிடில் அவை காயிலுள்ள நீரையும் ஈர்த்துக்கொள்ளும். எலுமிச்சையில் இதனை ஆராய்ந்தே கண்டிருக்கின்றனர். நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளம்போல் நீர் கட்டுவதும் உதிர்வை மிகுவிக்கும். அளவாக, இடைவெளி பிறழாமல், மரத்தடியில் சருகு மூடாக்கு இட்டு நீர் பாய்ச்சுவதே முறை.

இரண்டாவது தவறு பெரியது. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதும், சாம்பல் நோய் பூங்கொத்தை வெளுக்கச் செய்வதும் உண்டு. அவற்றுக்கு அஞ்சி, பூ முழுவதும் மலர்ந்து நிற்கும் வேளையில் பூச்சிமருந்தை மேன்மேலும் தெளிப்பவர் பலர். தத்துப்பூச்சி சாகிறது, உடன் ஈக்களும் தேனீக்களும் சாகின்றன. வட இந்தியத் தோப்புக்களில் இதன் விளைவுக்கு ‘ஜும்க்கா’ என்று பெயர். காதில் அணியும் தொங்கட்டான் என்பது பொருள். கொத்தின் நுனியில் பிஞ்சுகள் தொங்கட்டான்போலக் கூட்டமாகத் தொங்கும். பார்ப்பவர் ‘எத்தனை காய்!’ என்று மகிழ்வர். ஆனால் அவை கருவுறாதவை. கோலிக்குண்டளவில் நின்று, பின் அத்தனையும் விழுந்துவிடும். பிஞ்சைக் காக்கவென்று தெளித்ததே பிஞ்சைப் போக்கிவிட்டது. எனவே மருந்து தேவையாயின் மொட்டுப் பருவத்திலோ பிஞ்சு பிடித்த பின்னரோ தெளிக்கவேண்டுமேயன்றி, மலர்ந்த பூவின்மேல் தெளிக்கலாகாது.

மூன்றாவது, ஒரே வகையை மட்டும் நெடுகப் பயிரிடுவது. தசேரி போன்ற வட இந்திய வகைகளின் பூக்கள் தம் இனத்து மகரந்தத்தால் எளிதிற் கருவுறுவதில்லை. இடையிடையே வேறு வகை மரங்கள் நிற்கவேண்டும். போரான் போன்ற நுண்சத்துக் குறைந்தாலும் மகரந்தக் குழல் நீண்டு சூலை அடைவது தடைப்படும். தென்னையில் குரும்பை கொட்டுவதற்கும், தேரையின்மேல் பழி போட்ட உள்ளீடற்ற தேங்காய்க்கும், மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துக் குறைவுமே பெரும்பாலும் காரணமாகின்றன.

செயற்கையாக உதிர்வைத் தடுக்க முடியாதா எனில், ஓரளவு முடியும். 1939இல் அமெரிக்க நாட்டில் கார்ட்னர், மார்த், பாட்ஜர் என்னும் மூவர், ஆக்சினை ஒத்த நாப்தலீன் அசெட்டிக் அமிலத்தை மிகச் சிறிய அளவில் தெளித்து, அறுவடைக்கு முன் ஆப்பிள் விழுவதைத் தடுத்துக் காட்டினர். மாவுக்கும் இன்று அது பயன்படுகின்றது. ஆனால் வியப்பைக் கேளுங்கள். அதே மருந்தைப் பூத்த சில வாரங்களுக்குள் தெளித்து, ஆப்பிள் தோட்டக்காரர்கள் மிகையான பிஞ்சுகளைத் தாமே உதிரச் செய்கின்றனர். எஞ்சிய கனிகள் பருக்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். மருந்து ஒன்று, காலம் வேறு, பயன் நேர்மாறு. மரம் செய்வதையே மனிதனும் செய்கிறான். ஆகவே உதிர்வெல்லாம் தீது என்று எண்ணலாகாது. எது மரத்தின் கணக்கு, எது நம் குறை என்று பிரித்தறிவதே அறிவு.

அப்பிரித்தறிதலை நீங்கள் இவ்வாண்டே தொடங்கலாம். வீட்டு மரத்தடியில் ஒரு வாரம் விழும் பிஞ்சுகளைப் பொறுக்கி மூன்று குவியலாக்குங்கள். வழவழப்பான தழும்போடு விழுந்தவை ஒன்று. காம்பு முறிந்து விழுந்தவை ஒன்று. துளையும் கறையும் உடையவை ஒன்று. முதற் குவியல் மரத்தைப் பற்றியும், மண்ணின் ஈரத்தைப் பற்றியும் கூறும். இரண்டாவது, காற்றையும் அணிலையும் பற்றிக் கூறும். மூன்றாவது, பூச்சியையும் நோயையும் பற்றிக் கூறும். மூன்றாவதை மரத்தடியில் விடாமல் அகற்றி அழித்துவிடுங்கள். முதலாவது வீணாகாது; உப்பும் மிளகாயும் கொண்டு மாவடு போடும் நம் தாய்மார் அதற்கு வழி கண்டிருக்கின்றனர்.

முடிப்பதற்கு முன் ஒன்று சொல்ல விரும்புகிறேன். முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் இருந்தவன் என்ற முறையில், ஒரு பழமொழியை நான் பன்முறை கேட்டிருக்கிறேன். படிப்பை நடுவில் விட்டு நிற்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கால், ‘பூத்ததெல்லாம் காய்க்குமா, காய்த்ததெல்லாம் பழுக்குமா?’ என்பார்கள். பெற்றோர் சொல்வர், சில வேளை ஆசிரியரும் சொல்வர். மரத்திற்கு இது பொருந்தும், பள்ளிக்குப் பொருந்தாது. காரணம் உண்டு. தன்னிடம் உள்ள இலைகளுக்குமேல் ஓர் இலையை மரம் அன்றே ஆக்கிக்கொள்ள முடியாது. எனவே சிலவற்றைக் காக்கச் சிலவற்றை விடுக்கின்றது. மனித சமுதாயத்திற்கு அக்கட்டாயம் இல்லை; அது வேண்டும் அளவுக்கு இலைகளைப் பெருக்கிக்கொள்ள வல்லது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் வந்த சத்துணவுத் திட்டமும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் அவ்வாறு பெருக்கிய இலைகளே. ஒருவேளைச் சோறு இருந்ததால் பள்ளியில் நின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு பிள்ளை வகுப்பிலிருந்து நின்றுவிட்டால், அது இயற்கையின் கணக்கு என்று கூறிக் கைகழுவாதீர்கள். வேரில் நீர் வறண்டதா, உள்ளே புழு துளைத்ததா, வரவேண்டிய உதவி வராமற் போயிற்றா என்று பாருங்கள். மாணவர்களே, உங்கள் பக்கத்து இருக்கை ஒரு நாள் வெறிதாக இருந்தால், மாலையில் அந்த நண்பன் வீட்டிற்குச் சென்று ஏன் வரவில்லை என்று கேளுங்கள். ஆக்சின் நிற்கும் வரையில்தான் காம்பு விடாது என்று பார்த்தோம். ‘உன்னை நாங்கள் மறக்கவில்லை’ என்ற ஒரு சொல்லும் அத்தகையதே.